தோட்டத்து நடைகல்லை வீட்டிலேயே வார்க்கலாம்: வாசகர் கேள்வி - பதில்

தோட்டப் பாதைக்கு ஓரடிச் சதுரக் கல் 20 வேண்டும். பிளாஸ்டிக் அச்சு வாங்கிவிட்டோம். சிமெண்ட், மணல், ஜல்லி என்ன விகிதத்தில் போட வேண்டும்?
- வாசகர், திருச்சி

பத்து லிட்டர் வாளியால் அளந்துகொள்ளுங்கள். ஒரு வாளி சிமெண்ட், ஒன்றரை வாளி எம்-சாண்ட் (கல்லை நொறுக்கிச் செய்யும் மணல்), இரண்டரை வாளி 6 எம்.எம். சிப்ஸ் (பொடி ஜல்லி). இதில் 30 செ.மீ. சதுரம், 5 செ.மீ. கனமுள்ள கல் ஏழு வரும். 50 கிலோ மூட்டை ஒன்று போதும். உடைசலுக்கும் கையில் நாலு கல் மிஞ்சும். முக்கால் அங்குல ஜல்லி வேண்டாம், அச்சின் மூலைகளுக்குள் அது இறங்காது. பூச்சுக்கு விற்கும் பி-சாண்டும் வேண்டாம். அதன் மாவு அதிகத் தண்ணீர் கேட்கும்.

விகிதத்தை விடத் தண்ணீர்தான் கல்லின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஒரு வாளி சிமெண்ட் ஏறத்தாழ 14 கிலோ. அதற்கு ஆறரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் அதற்குள்ளேயே ஒரு லிட்டர் இருக்கும். அதனால் முதலில் ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றிப் புரட்டுங்கள், மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கையுறை போட்ட கையில் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் சிமெண்ட் பால் ஒழுகக் கூடாது. அந்த உருண்டையைத் தட்டினால் மேற்பரப்பு பளபளத்து லேசாகத் தளர வேண்டும். அதுதான் பதம். கலவை இறுக்கமாக இருக்கிறதே என்று தண்ணீரைக் கூட்டாதீர்கள். தண்ணீரைக் கூட்டாமலே கலவையைத் தளர்த்தும் பிளாஸ்டிசைசரை, அதன் டப்பாவில் குறித்துள்ள அளவுக்குச் சேருங்கள். கையுறை கட்டாயம், ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கிவிடும்.

கல்லை அச்சிலிருந்து எடுத்தால் மேல்முகமெல்லாம் ஊசித் துளைகள். ஓரங்களும் உதிர்கின்றன. ஏன்?
- வாசகி, கோவை

துளைகள் வருவது சிக்கிய காற்றால். அச்சுக்கு அடியில் படுவதுதான் கல்லின் மேல்முகம் என்பதால் காற்று அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. அச்சைப் பாதி நிரப்பி, நான்கு பக்கமும் ரப்பர் சுத்தியால் தட்டுங்கள். குமிழி வருவது நின்றதும் மீதியை நிரப்பி மறுபடி தட்டுங்கள். அதிர்வு மேசை இருந்தால் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் சிப்ஸ் அடியில் தங்கி, சிமெண்ட் பால் மேலே மிதக்கும்.

அச்சுக்கு எண்ணெய் தடவுவதும் துளைக்கு ஒரு காரணம். வண்டியின் கழிவு எண்ணெயைத் தடவுகிறவர்கள் உண்டு. கறை கல்லில் இறங்கிவிடும், பிறகு போகவே போகாது. பளபளப்பான பிளாஸ்டிக் அச்சுக்குச் சோப்புக் கரைசலைத் துணியால் துடைத்துவிட்டாலே போதும்.

ஓரம் உதிர்வது அவசரத்தால். ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்) என்றால் முழுதாக ஒரு நாள், பி.பி.சி. (சாம்பல் கலந்த, மெதுவாக இறுகும் சிமெண்ட்) என்றால் இரண்டு நாள் அச்சிலேயே விடுங்கள். பிடிவாதமாக ஒட்டியிருந்தால் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் அச்சை இரண்டு நிமிடம் வையுங்கள். பிளாஸ்டிக் விரிந்து, கல் தானாகக் கழன்றுகொள்ளும்.

சிவப்பு ஆக்சைடு கலந்து வார்த்தோம். சில வாரங்களிலேயே வெள்ளை பூத்து நிறம் செத்துவிட்டது. நிறப்பொடி மட்டமானதா?
- வாசகர், தஞ்சாவூர்

பெரும்பாலும் பொடியின் குற்றம் இருக்காது. இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலுக்கு அசையாதவை. நீங்கள் பார்ப்பது நிறத்தின் மேல் படிந்த சுண்ணாம்பு. சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்பைத் தண்ணீர் மேலே இழுத்து வருகிறது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளையாகப் படிகிறது. கலவையில் எவ்வளவு தண்ணீர் மிகையோ அவ்வளவு பூக்கும். உப்பு நிறைந்த போர் தண்ணீரும் இதைக் கூட்டும்.

உலர்ந்த பிரஷால் தேயுங்கள். போகாவிட்டால் கல்லை நனைத்துவிட்டு, ஒரு பங்கு வினிகருக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து தேய்த்து உடனே கழுவுங்கள். கழிவறை ஆசிட் பக்கம் போகாதீர்கள், மேல்தோலையே அரித்துவிடும்.

அடுத்த முறை நிறத்தை முழுக் கல்லுக்கும் வீணாக்க வேண்டாம், மேல்முகத்துக்கு மட்டும் போதும். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், ஒரு கிலோ சிமெண்டுக்கு 50 கிராம் ஆக்சைடு. பொடியை உலர்ந்த சிமெண்டோடு முதலில் கலந்து சலியுங்கள், இல்லையென்றால் கோடு கோடாக வரும். பத்து சதவீதத்தைத் தாண்டினால் நிறம் கூடாது, பலம்தான் குறையும். இந்தக் கலவையை அச்சின் அடியில் 12 எம்.எம். கனத்துக்குப் பரப்பி, இருபது நிமிடத்துக்குள் சாம்பல் நிறக் கலவையைக் கொட்டி நிரப்புங்கள். தாமதித்தால் இரண்டும் பிணையாது, பின்னாளில் நிறத்தோல் ஏடாகப் பெயரும். மஞ்சள் போன்ற வெளிர் நிறங்கள் எடுப்பாகத் தெரிய வெள்ளைச் சிமெண்ட் வேண்டும்.

க்யூரிங் (கல்லை ஈரம் காயாமல் வைத்து இறுகவிடுவது) ஓ.பி.சி.க்கு ஏழு நாள், பி.பி.சி.க்கும் கோடை வெயிலுக்கும் பத்து நாளுக்குக் குறையக் கூடாது. நிறக்கல்லை நிழலில் வைத்து ஈரச்சாக்கால் மூடி, சாக்கு காயாமல் பாருங்கள். பாலிதீன் ஷீட் போர்த்தினால் கல்லில் ஒட்டாமல் தூக்கிக் கட்டுங்கள். ஒட்டிய இடமெல்லாம் திட்டாகிவிடும்.

கடுக்காயும் வெல்லமும் சேர்த்தால் காரை உறுதியாகும் என்பார்களே, இதிலும் சேர்க்கலாமா? ஆத்தங்குடி கல் போன்ற வழவழப்பு வருமா?
- வாசகி, காரைக்குடி

கடுக்காயும் வெல்லமும் சுண்ணாம்புக் காரைக்கான பக்குவம். சிமெண்டில் சர்க்கரைச் சத்து சிறிதளவு விழுந்தாலும் இறுகுவது தடைப்படும். வெல்லம் கலந்த கல் மறுநாளும் சேறாகவே இருக்கலாம். இந்தக் குணத்தையே அலங்காரத்துக்குப் பயன்படுத்தலாம். கூழாங்கல் பதித்த பரப்பின் மேல் கெட்டியான சர்க்கரைக் கரைசலைத் தெளித்துவிடுங்கள். மறுநாள் பிரஷ் போட்டுக் கழுவினால் மேற்தோல் மட்டும் கரைந்து கூழாங்கல் எடுப்பாகத் தெரியும். ஆழத்தில் கலவை இறுகியிருக்கும்.

ஆத்தங்குடிக் கல்லின் மினுமினுப்பு கண்ணாடிப் பலகை மேல் வார்ப்பதால் வருவது. கூடத்துக்கு அதைப் போல அழகு இல்லை. தோட்டத்துக்கு மட்டும் வேண்டாம், மழையில் கால் வழுக்கும். பாதைக்குச் சொரசொரப்பு அவசியம்.

இலைத் தடம் பதித்த கல் எப்படிச் செய்வது?
- வாசகர், நாகர்கோவில்

சேம்பு, தேக்கு, பூசணி என நரம்பு தடித்த இலையாக எடுங்கள். மேல்முகம் மேலே தெரியும்படி நிரப்பிய கலவையில், ஈரப் பளபளப்பு அடங்கியதும், இலையின் நரம்புப் பக்கத்தைக் கீழே வைத்துக் கரண்டியால் அழுத்துங்கள். காம்பை வெளியே விட்டுவிட்டால் மறுநாள் அதைப் பிடித்து உரிக்கலாம். ஒட்டிய துணுக்குகளைக் கிள்ளிக் கொண்டிருக்க வேண்டாம், காய்ந்து தானே உதிரும்.

எங்களுடையது கரிசல் மண். பதித்த கற்கள் மழைக்காலத்தில் ஏறி இறங்குகின்றன.
- வாசகர், கோவில்பட்டி

கரிசல் ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும். கல்லை எவ்வளவு கனமாக வார்த்தாலும் அது தூக்கிவிடும். ஓரடி தோண்டிக் கரிசலை அப்புறப்படுத்துங்கள். கிராவலை இரண்டு அடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து இடித்து இறுக்குங்கள். அதன் மேல் ஓர் அங்குலம் எம்-சாண்ட் பரப்பி மட்டப்பலகையால் இழுத்துவிட்டுக் கல்லை வையுங்கள். ஒட்டிப் பதிக்கும் கற்களுக்கு இடையே 5 எம்.எம். இடைவெளி விட்டு மணலால் நிரப்புங்கள். அங்கே சிமெண்ட் பூசினால் முதல் அசைவிலேயே ஓரம் உடையும். தனித்தனி நடைகல் என்றால் நடுவுக்கு நடு இரண்டடி. வீட்டை விட்டு விலகும் திசையில், நான்கடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கொடுங்கள்.