மணிக்கூண்டும் கூலி நோட்டும்

கேள்வி: ஸ்தோத்திரம் ஐயா. கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். ஞாயிறு ஆராதனை தவறியதில்லை, தசமபாகம் கொடுக்கிறேன், ஆலயத்தின் புது மணிக்கூண்டுக்கு 20,000 ரூபாய் எழுதிக் கொடுத்து, பணத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன். போன வாரம் எங்கள் போதகர், சீஷனாக இருக்க விலை கொடுக்க வேண்டும் என்று பிரசங்கித்தார். கிருபையினால்தானே இரட்சிப்பு, அப்புறம் என்ன விலை? ஃபேக்டரியிலிருந்து கொழுந்துப் பணம் வராமல், பறிக்கும் நான்கு பெண்களுக்கு மூன்று வாரக் கூலி பாக்கி இருப்பதால் மனதும் சரியில்லை.
- பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: சகோதரரே, கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

கிருபையைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். எபேசியர் 2-ஆம் அதிகாரத்தில் 8, 9 வசனங்கள் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் நாம் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். 10-ஆம் வசனம், நற்கிரியைகளைச் செய்யவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது.

கிரியையில்லாத, அதாவது செயலில் காட்டாத, விசுவாசம் செத்தது என்று தன் நிருபத்தில் எழுதிய யாக்கோபு, உடுப்பும் சாப்பாடும் இல்லாதவர்களை "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வெறும் வாயால் அனுப்பிவைக்கிறவனைத்தான் உதாரணம் காட்டுகிறார். ஜனவரி உறைபனியில், விறைத்த விரல்களோடு உங்கள் தோட்டத்துக்குள் இறங்கும் பெண்ணை நினைத்துக்கொண்டு அந்த இடத்தைப் படித்துப் பாருங்கள். அதே நிருபம் 5-ஆம் அதிகாரத்தில் நேராகக் கூலிக்கே வந்துவிடுகிறது: வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்த கூலி கூக்குரலிடுகிறதாம். நீங்கள் வேண்டுமென்றே பிடித்து வைக்கவில்லை, தெரியும், ஃபேக்டரி தராவிட்டால் சிறு விவசாயி எங்கே போவார்? ஆனாலும் 20,000 ரூபாய் வீட்டில் இருக்கிறதே.

என் அம்மா குன்னூர் பக்கம் கொழுந்து பறித்தவர். சம்பளம் தள்ளிப்போன வாரங்களில், மளிகைக் கடைக்காரர் கண்ணில் படாமல் சுற்றுவழியில் வீட்டுக்கு வருவோம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் எங்கள் லைன் வீடுகளில் நிறைய இருந்தன, அவர்களுக்குக் கடன் தரக்கூட ஆள் கிடையாது. கூலிக்காரன் சகோதரனானாலும் அந்நியனானாலும் பொழுது போகுமுன் கூலியைக் கொடு, அவன் அதையே எதிர்பார்த்திருக்கிறான் என்று உபாகமம் 24 சொல்வதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுற்றுவழிதான் ஞாபகம் வரும்.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். லூக்கா 14-இல் இயேசு அதைப் பேசும்போது, கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்கிறார். நீங்களும் உட்காருங்கள், கூலி நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எடுத்து வைத்த பணத்திலிருந்து நான்கு பேருக்கும் முழுப் பாக்கியையும் கொடுங்கள், வீடு தேடிப்போய், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக் கொடுங்கள். அட்வான்ஸ் கழிக்கிறேன் என்று ஆரம்பிக்க வேண்டாம். பிறகு போதகரிடம் போய், மணிக்கூண்டுப் பணத்தைத் தவணையில் தருகிறேன், காரணம் இது என்று உள்ளதைச் சொல்லுங்கள். கமிட்டியில் நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஆலயத்தில் வாசிக்கும் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே தொகை குறைவாக இருக்கும். போதகர் சொன்ன விலையில் அதுவும் சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். வரும் சனிக்கிழமைக்குள் கொடுத்துவிட முடியுமா?