அதைச் சுற்றித்தான் முணுமுணுக்கிறோம்

அஸ்ஸலாமு அலைக்கும் அண்ணன்,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். சின்ன வயதில் ஓதற பள்ளிக்கு ஒழுங்காகப் போகவில்லை. அல்ஹம்து சூராவும் கடைசி ஜுஸ்வில் நாலைந்து சின்ன சூராக்களும்தான் மனப்பாடம். போன ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மறுவாரம் எங்க அத்தா மவுத்தாகிவிட்டார். இந்த ரமலானில் ஒரு நாள் விடாமல் தராவீஹ் என்ற இரவுத் தொழுகைக்குப் போகிறேன். இருபது ரக்அத்தும் நின்று தொழுகிறேன்.

கடைசியில் தொழும் வித்ரு முடிந்ததும் ஹஜ்ரத் (பள்ளி இமாம்) நீளமாக அரபியில் துஆ (பிரார்த்தனை) ஓதுகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் தேம்பி அழுகிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் ஆமீன் சொல்லும்போது நானும் சொல்கிறேன். மனசுக்குள் "யா அல்லாஹ், எங்க அத்தாவ மன்னிச்சிடு" என்பது மட்டும்தான் திரும்பத் திரும்ப ஓடுகிறது. அழுகையும் வருவதில்லை. இதை ஒரு பெரியவரிடம் சொன்னேன். "அதெல்லாம் துஆ ஆகாது தம்பி, அரபில ஓதிக் கேட்டாத்தான் கபூலாகும் (ஏற்கப்படும்)" என்றார். அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

எனக்குத் தோதான எளிய துஆக்கள் இருந்தால் சொல்லுங்கள். நான் கேட்பது அத்தாவுக்குப் போய்ச் சேருமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

வ அலைக்கும் ஸலாம். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உங்கள் அத்தாவின் கபுறை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். மனிதன் இறந்துவிட்டால் அவனுடைய அமல்கள் நின்றுவிடும், மூன்றைத் தவிர என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்). நிலைத்து நிற்கும் தர்மம், பயன் தரும் கல்வி, தனக்காக துஆ கேட்கும் நல்ல பிள்ளை. ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிற ஹதீஸ் இது. பிள்ளைக்கு அரபு தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு சொல் கிடையாது. நீங்கள் அந்தப் பிள்ளை. உங்கள் அத்தாவுக்காக நோன்பு மாதம் முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கிறீர்கள். இதைவிட வேறென்ன துஆ?

அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் ஒரு சின்னச் சம்பவம் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது. நபியவர்கள் ஒரு மனிதரிடம், "தொழுகையில் நீர் என்ன கேட்கிறீர்?" என்றார்கள். அவர் சொன்னார்: "அத்தஹிய்யாத் (தொழுகையில் உட்கார்ந்து ஓதுவது) ஓதிவிட்டு, 'யா அல்லாஹ், உன்னிடம் சொர்க்கத்தைக் கேட்கிறேன், நரகத்திலிருந்து உன்னிடம் பாதுகாப்புத் தேடுகிறேன்' என்பேன். நீங்கள் முணுமுணுப்பதோ முஆத் முணுமுணுப்பதோ எனக்கு அவ்வளவாக வராது." முணுமுணுப்பு என்பதற்கு அவர் சொன்ன அரபுச் சொல் 'தன்தனா'. சத்தம் காதில் விழும், பேச்சு விளங்காது, அப்படிப்பட்ட பேச்சுக்கு அந்தப் பெயர். முஆத் இப்னு ஜபல் (ரலி) யார்? மார்க்கம் கற்றுக்கொடுக்க யமனுக்கு நபியவர்களே அனுப்பிவைத்த பெரிய அறிஞர். அந்த மனிதரின் கூச்சமும் உங்கள் கூச்சமும் ஒன்றுதான், தம்பி. அரபியையே தாய்மொழியாகக் கொண்டவருக்குக்கூட அந்தக் கூச்சம் இருந்திருக்கிறது. நபியவர்கள் அவருக்குச் சொன்ன பதில்: "ஹவ்லஹா நுதன்தின்." நாங்களும் அதைச் சுற்றித்தான் முணுமுணுக்கிறோம்.

ஹஜ்ரத்தின் நீண்ட துஆவை நான் குறைத்துச் சொல்லவில்லை. நல்ல குரலில், பொருள் தெரிந்து கேட்டால் நெஞ்சு கரைந்துவிடும். அவரிடமே ஒரு நாள் அஸருக்குப் பிறகு போய் உட்கார்ந்து, "ராத்திரி நீங்க கேட்குற துஆவுக்கு அர்த்தம் சொல்லுங்க ஹஜ்ரத்" என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார். அதன் பிறகு நீங்கள் சொல்லும் ஆமீனுக்கு வேறு கனம் இருக்கும்.

உங்களிடம் அப்படிச் சொன்ன பெரியவரையும் கோபித்துக்கொள்ள வேண்டாம். தொழுகைக்கு உள்ளே, ஸஜ்தாவிலும் அத்தஹிய்யாத்திலும் கேட்பதை அரபியில் கேட்பதே பேணுதல் என்று ஆலிம்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சு அவர் மனதில் தொழுகைக்கு வெளியேயும் நீண்டிருக்க வேண்டும். ஸலாம் கொடுத்து முடித்தபின் அவரவர் மொழியில் கேட்கக் கூடாது என்று எந்த ஆலிமும் சொல்லி நான் கேட்டதில்லை. நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் தராவீஹ் முடிந்ததும் என்ன நடக்கும், நினைத்துப் பாருங்கள். "நவைத்து ஸவ்ம கதின்" என்று நோன்புக்கான நிய்யத்தை (மனதில் கொள்ளும் எண்ணத்தை) அரபியில் சொல்லிக்கொடுத்துவிட்டு, உடனே தமிழிலும் சொல்வார்கள்: "இந்த வருஷத்து ரமலான் மாதத்தின் பர்ளான (கடமையான) நோன்பை அதாவாக (உரிய காலத்தில்) நாளை பிடிக்க நிய்யத்துச் செய்கிறேன்." சிறுவர்கள் மற்றவர்களை முந்திக்கொண்டு கத்துவார்கள். நிய்யத்தை வாயால் சொல்ல வேண்டியதில்லை, மனதால் நினைத்தால் போதும் என்கிற ஜமாஅத்துகளும் உண்டு, அது தனிப் பேச்சு. நான் சொல்ல வருவது, தலைமுறை தலைமுறையாக நோன்பை அல்லாஹ்விடம் தமிழில் ஒப்படைத்த சனங்கள் நாம். அவனிடம் கேட்டுப் பாடுவதற்கென்றே முனாஜாத்து என்று ஒரு பாவகையைத் தமிழுக்குக் கொண்டுவந்ததும் நம் புலவர்கள்தான்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்தது இது. தராவீஹ் முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. செருப்பில் ஒன்றைக் காணாமல் ஹவுது ஓரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே மோதினார் ஒவ்வொரு ஸஃப்பாகப் பாயைத் தட்டி, மின்விசிறிகளை அணைத்துக்கொண்டே வந்தார். கடைசி விசிறியை மட்டும் அணைக்கவில்லை. அதன் கீழே காலை ஒருபக்கமாக மடக்கி உட்கார்ந்து கையேந்தினார். அவர் பாங்கு சொன்னால் தெருமுனை வரை கேட்கும். அன்று பத்தடி தூரத்தில் நின்ற எனக்குப் பாதிதான் கேட்டது.

"ரப்பே, நாளைக் கஞ்சிக்கு அரிசி குடுத்தவுக வீட்டுல பரக்கத்தக் குடு. மூத்தவளுக்கு மாசமாயிருச்சு, சொகமாப் பெத்து எந்திரிக்கணும். இந்த முட்டிதான் ரப்பே... பெருநா வரைக்குமாச்சும் என்னை நின்னு தொழ வையி."

வலிக்கிற இடத்தை வைத்தியரிடம் காட்டுவதுபோல முழங்காலைத் தொட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்து விசிறியை அணைத்தார்.

அல்லாஹ்விடம் இப்படியெல்லாம் பேசலாமா என்று எனக்கு அன்று ஆச்சரியமாக இருந்தது. பல வருஷம் கழித்து, குர்ஆனின் 19ஆம் அத்தியாயமான மர்யமைப் பொருளோடு படித்தேன். ஜகரிய்யா நபி தம் இறைவனைத் தாழ்ந்த குரலில் அழைக்கிறார். பிள்ளை வரம் கேட்கத்தான் அழைக்கிறார், ஆனால் எடுத்த எடுப்பில் கேட்கவில்லை. "என் இறைவா, என் எலும்புகள் தளர்ந்துவிட்டன, தலை நரையால் மின்னுகிறது, உன்னிடம் கேட்டு நான் ஒருபோதும் பாக்கியமற்றுப் போனதில்லை" என்கிறார். தன் உடம்பைக் காட்டிவிட்டுத்தான் தேவையைச் சொல்கிறார். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மோதினாரின் முழங்கால்தான் கண்ணில் வரும்.

இனி நீங்கள் கேட்ட எளிய துஆக்கள். பெரிய பட்டியல் வேண்டாம். மிச்சமிருக்கும் இரவுகளுக்கு நாலு போதும்.

அத்தாவுக்கு, குர்ஆன் 17:24இல் அல்லாஹ்வே சொல்லிக்கொடுத்தது: "ரப்பிர்ஹம்ஹுமா கமா ரப்பயானீ ஸகீரா." என் இறைவா, நான் சிறுவனாக இருந்தபோது அவ்விருவரும் என்னை வளர்த்ததுபோல் அவர்கள்மீது நீ இரக்கம் காட்டுவாயாக. இதை ஓதும்போது அவசரப்படாதீர்கள். 'சிறுவனாக இருந்தபோது' என்ற இடத்தில் நில்லுங்கள். காய்ச்சலில் கிடந்தபோது உங்களைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருப்பார், பெருநாள் சட்டைக்கு எங்கோ கடன் வாங்கியிருப்பார். உங்களுக்கு என்ன நினைவிருக்கிறதோ அதை அங்கே வையுங்கள். 'அவ்விருவரும்' என்பதில் உம்மாவும் சேர்த்திதான்.

வித்ரு முடித்து ஸலாம் கொடுத்ததும், "ஸுப்ஹானல் மலிக்கில் குத்தூஸ்" என்று மூன்று தடவை. தூய்மையான பேரரசனைத் துதிக்கிறேன் என்று பொருள். நபியவர்கள் இப்படிச் சொல்வார்கள், மூன்றாவது தடவை குரலை உயர்த்துவார்கள் என்று அறிவித்தவர் உபை இப்னு கஅப் (ரலி). பள்ளியில் ஆளுக்கொரு மூலையில் தொழுதுகொண்டிருந்தவர்களை உமர் (ரலி) ஒரே இமாமுக்குப் பின்னால் நிறுத்தினார்களே, அந்த இமாமும் இதே உபைதான். நீங்கள் இப்போது ஜமாஅத்தாக நின்று தொழும் தராவீஹ் அவர் வழியாக வந்தது. அந்த மூன்று சொற்களும் அவர் வழியாக வந்தவையே.

ரமலானின் கடைசிப் பத்து நாட்களின் ஒற்றைப்படை இரவுகளுக்கு, "அல்லாஹும்ம இன்னக்க அஃபுவ்வுன் துஹிப்புல் அஃப்வ ஃபஃபு அன்னீ." யா அல்லாஹ், நீ மன்னிப்பவன், மன்னிப்பதை விரும்புகிறவன், என்னை மன்னித்துவிடு. லைலத்துல் கத்ர் கிடைத்தால் என்ன கேட்பது என்று ஆயிஷா (ரலி) கேட்டதற்கு நபியவர்கள் கற்றுக்கொடுத்தது இது. ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த இரவுக்கு, ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற துஆ! நீங்கள் அத்தாவுக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும் வாக்கியத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் அத்தா இருக்கிறார், இதில் நீங்கள் இருக்கிறீர்கள். கேட்கிற பொருள் ஒன்றேதான்.

நாலாவது உங்களுக்கே தெரிந்திருக்கும், "ரப்பனா ஆத்தினா." இம்மையிலும் நன்மை, மறுமையிலும் நன்மை, நரக வேதனையிலிருந்து காப்பு. நபியவர்கள் அதிகமாகக் கேட்ட துஆ இதுதான் என்கிறார் அனஸ் (ரலி). கம்பெனி வேலை, வாடகை, உடம்பு, கல்யாணம் எல்லாம் அந்த முதல் நன்மைக்குள் அடக்கம்.

அழுகை வராததை நினைத்து மருக வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் எதற்காக அழுகிறார் என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும். உங்களுக்கு வருகிற நேரத்தில் வரும், சில சமயம் மெஷின் முன்னால் நிற்கும்போது வரும். நோன்பைப் பற்றிப் பேசும் வசனங்கள் குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தில் 183இல் தொடங்கி 187 வரை வருகின்றன. இடையில் 186ஆம் வசனத்தில் திடீரென்று நோன்புச் சட்டம் நின்றுவிடுகிறது. "என் அடியார்கள் என்னைப் பற்றி உம்மிடம் கேட்டால், நான் அருகிலேயே இருக்கிறேன். அழைப்பவர் என்னை அழைக்கும்போது பதிலளிக்கிறேன்" என்கிறான். அடுத்த வசனம் மறுபடியும் நோன்புச் சட்டத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு ரமலானிலும் இந்த இடத்தை ஓதும்போது நான் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே போவேன்.

இன்னொன்று. இரவின் கடைசி மூன்றில் ஒரு பகுதியில், "என்னை அழைப்பவர் யார், நான் பதில் தருகிறேன், கேட்பவர் யார், நான் கொடுக்கிறேன்" என்று அல்லாஹ் சொல்வதாக புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மற்ற மாதங்களில் அந்த நேரத்துக்கு எழுந்திருப்பது நமக்குக் கஷ்டம். இப்போது சஹர் சாப்பாட்டுக்காக எப்படியும் எழுகிறீர்கள். ரூமில் கூட இருப்பவர்கள் எழுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒளு செய்துவிட்டு இரண்டு ரக்அத் தொழுது, அத்தாவைப் பற்றி உங்கள் பேச்சில் சொல்லுங்கள்.

கடிதத்தில் அத்தாவின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், மிச்சமிருக்கும் இரவுகளில் வித்ருக்குப் பிறகு நானும் அவருக்காகக் கேட்கிறேன்.