ஐம்பது கேள்வித் தேர்வு தேடத் தெரிந்தவரை அடையாளம் காட்டாது

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி நூலகர் எழுதியிருக்கிறார். அவரிடம் மூன்று உதவியாளர்கள் இருக்கிறார்கள். ஒருவர் நிரந்தரம், இருவர் தினக்கூலி. தர மதிப்பீட்டுக் குழு வரவிருப்பதால், ஊழியர்களின் தரவுத்தளத் தேடல் திறன் மதிப்பிடப்பட்டதற்கு ஆதாரமாகக் கோப்பில் ஏதாவது இருக்க வேண்டும் என்று நிர்வாகம் நெருக்குகிறது. இதற்கிடையில் ஒரு முகவர் வந்து, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசி, ஆன்லைனில் ஐம்பது கேள்விகள், அன்றைக்கே சான்றிதழ் என்கிறாராம். வாங்கலாமா, அல்லது தாமே மதிப்பிட வழி உண்டா என்பது அவருடைய கேள்வி.

வாங்க வேண்டாம். இணைய இணைப்புள்ள ஒரு கணினியும் ஒரு முற்பகலும் இருந்தால் நீங்களே மதிப்பிட்டுவிடலாம்.

இத்தகைய தேர்வுகளில் கேட்கப்படுவது, பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் எந்த ஊரில் இருக்கிறது, தேடல் சொற்களை இணைக்கும் 'அண்ட்', 'ஆர்', 'நாட்' ஆகியவற்றில் தேடலை விரிப்பது எது என்ற அளவில்தான் இருக்கும். காந்திநகர் என்று சரியாகக் குறியிட்ட அதே உதவியாளர், ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்து நிற்கும்போது அவளுடைய தலைப்பை முழு வாக்கியமாகத் தேடல் பெட்டியில் அடித்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடக்கூடும். அந்தச் சான்றிதழ் இந்தக் குறையைக் காட்டாது.

கேள்வித்தாளுக்குப் பதிலாக, உங்கள் வாசகர்கள் உண்மையிலேயே கேட்டவற்றில் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. மருத்துவக் கட்டுரைகளை நன்றாகத் தேடுகிறவர் கல்வியியல் தலைப்பில் தடுமாறுவார். ஒவ்வொரு கேள்விக்கும், அத்துறை ஆசிரியரோடு உட்கார்ந்து, கட்டாயம் அகப்பட வேண்டிய கட்டுரைகளின் பட்டியலை முன்கூட்டியே தயாரித்து வையுங்கள். அந்தப் பட்டியலில் எத்தனையை உதவியாளர் பிடித்தார், அவர் கொண்டுவந்தவற்றில் வேண்டாதவை எத்தனை என்ற இரண்டு எண்கள்தாம் உங்களுக்குத் தேவை. பட்டியலில் இல்லாத நல்ல கட்டுரை ஒன்றை அவர் கொண்டுவந்தால் அதைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டு: அட்டப்பாடிப் பழங்குடிக் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவு. இதை, மருத்துவக் கட்டுரைகளின் கட்டணமில்லாத தரவுத்தளமான பப்மெட்டில் தேடச் சொல்லுங்கள். அட்டப்பாடியை ஆங்கிலத்தில் ஒரு 'பி' போட்டும் இரண்டு 'பி' போட்டும், கடைசியில் 'ஐ' என்றும் 'ஒய்' என்றும் எழுதுகிறார்கள். தேடத் தெரிந்தவர் முதல் ஐந்து எழுத்துகளோடு நிறுத்தி ஒரு நட்சத்திரக் குறி போடுவார். எல்லா வடிவங்களும் அதில் அடங்கிவிடும். அடுத்தது அடைப்புக்குறி. பப்மெட் இடமிருந்து வலமாகவே கணக்கிடுவதால், 'அட்டப்பாடி அண்ட் பழங்குடி ஆர் ஆதிவாசி' என்று அடைப்புக்குறி இல்லாமல் கொடுத்தால் நாடெங்கும் உள்ள ஆதிவாசிகளைப் பற்றிய கட்டுரைகள் வந்து குவியும். உதவியாளர் அந்தக் குவியலைக் கண்டு மகிழ்கிறாரா, சந்தேகப்படுகிறாரா என்று கவனியுங்கள். என்ன தேடினார், ஒவ்வொன்றிலும் எத்தனை கிடைத்தன என்ற வரலாறு பப்மெட்டின் மேம்பட்ட தேடல் பக்கத்தில் பதிவாகும். எட்டு மணி நேரம் பயன்படுத்தாமல் விட்டால் அது அழிந்துவிடும் என்பதால் அன்றைக்கே அச்செடுத்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான சோத்கங்காவை வைத்துக்கொள்ளலாம். உங்கள் தாலுகாவான சித்தூரைத் தேடினால் ஆந்திரத்துச் சித்தூரும் கூடவே வருகிறதா, பாலக்காட்டைப் பழைய ஆங்கில வழக்கில் 'பால்காட்' என்று எழுதிய ஆய்வேடுகள் விடுபடுகின்றனவா என்று பார்த்தாலே ஆளின் தரம் தெரிந்துவிடும். மூன்றாவது உங்கள் விருப்பம்.

நன்றாகத் தேடுவேன் என்று ஊழியரே டிக் அடித்துத் தரும் படிவத்தையும் நம்ப வேண்டாம். தகவல் தேடலை ஆராய்ந்த டேவிட் பிளேரும் மாரனும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 40,000 ஆவணங்கள் கொண்ட வழக்குத் தொகுப்பில் தேடவைத்த வழக்கறிஞர்கள், வேண்டியதில் 75 விழுக்காடாவது கைக்கு வந்துவிட்டது என்று நம்பியிருந்தார்கள். உண்மையில் வந்திருந்தது ஏறக்குறைய 20 விழுக்காடு. கிடைக்காமல் போனது கண்ணுக்குத் தெரியாது என்பதால், மோசமாகத் தேடுகிறவருக்கே தன்னம்பிக்கை அதிகமாக இருப்பதில் வியப்பில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். சில கேள்விகளுக்கு 'எதுவும் இல்லை' என்பதே சரியான விடை. உங்கள் ஊராட்சி அளவில் சிறிய தலைப்பு ஒன்றைக் கொடுத்தால் அந்தத் தரவுத்தளத்தில் ஒரு கட்டுரைகூட இல்லாமலிருக்கலாம். அப்போது மேலே சொன்ன இரண்டு எண்களும் பயன்படா; சோம்பேறிக்கும் திறமைசாலிக்கும் விடைத்தாளில் பூஜ்யம்தான் இருக்கும். வேறுபாடு வழியில் இருக்கிறது. ஒருவர் ஒரே சொல்லைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்திருப்பார். இன்னொருவர் இணைச்சொற்களை மாற்றி, ஊர்ப்பெயரை விட்டு மாவட்டப் பெயருக்கு உயர்ந்து, வேறொரு தரவுத்தளத்தையும் பார்த்துவிட்டு, இன்னின்ன இடங்களில் தேடினேன், இல்லை என்று எழுதியிருப்பார். இரண்டாமவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். இப்படி ஒரு கேள்வியை மூன்றில் ஒன்றாக வேண்டுமென்றே வைப்பதும் நல்லதே. ஆனால் அதற்கு விடையே இல்லை என்பதை நீங்கள் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும், இல்லையெனில் உங்கள் சோம்பலுக்கு உதவியாளர் மதிப்பெண் இழப்பார்.

முகவரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். தேர்வு நடத்த, கல்லூரிகளுக்கு மின்னிதழ்களையும் மின்னூல்களையும் தரும் என்-லிஸ்ட் திட்டத்தின் உங்கள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும் என்று கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அவை கல்லூரியின் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஊழியருக்கும் தனித்தனியே வழங்கப்படுபவை. வெளியாள் கையில் போய், மொத்தமாகக் கட்டுரைகள் பதிவிறக்கப்பட்டால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். சான்றிதழ் விற்றவரின் தொலைபேசி அப்போது அணைந்திருக்கும். கட்டணமின்றித் திறந்து கிடக்கும் இதழ்களை ஒரு தளத்தில் அடுக்கி, அதைத் தனித் தரவுத்தளம் என்று கல்லூரிகளின் தலையில் கட்டுகிறவர்களும் பெரும்பாலும் இதே ஆட்கள்தாம். திறனை மதிப்பிடு என்று உத்தரவிடுகிற மேலிடம், எப்படி மதிப்பிடுவது என்று ஒரு பக்கம் எழுதித் தந்திருந்தால் இவர்களுக்குப் பிழைப்பே இராது. அங்கே கோப்பின் தடிமனைப் பார்ப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது.

குழுவுக்குக் காட்ட ஆளுக்கு மூன்று தாள்கள் போதும்: கொடுத்த கேள்விகளும் உங்கள் பட்டியலும், உதவியாளரின் தேடல் வரலாற்று அச்சு, இரண்டு எண்களோடு உங்கள் குறிப்பும் கையொப்பமும். மூன்று மாதம் கழித்து வேறு கேள்விகளோடு ஒரு முறை செய்து அதையும் சேர்த்துவையுங்கள். தினக்கூலி ஊழியர் இருவரின் மறுநியமனத்துக்கும் இந்த மதிப்பெண்ணுக்கும் தொடர்பில்லை என்பதை நிர்வாகத்திடம் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை போய்விடும் என்று பயந்து உட்காருகிறவர் பக்கத்தில் இருப்பவரின் திரையைப் பார்த்துத்தான் தேடுவார்.