நோய்களையெல்லாம் குணப்படுத்திவிட்டால் ஜனத்தொகை தாங்குமா? – கேள்வி பதில்

சமூக மருத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருவள்ளூர்): மேடம், மலேரியா, காசநோய், புற்றுநோய் என்று எல்லாவற்றுக்கும் மருந்து வந்துவிட்டால் பூமி தாங்குமா? மருத்துவம் வளர வளர நெரிசல் கூடத்தானே செய்யும்?

முதலில் கூடும். அதை மறைக்க வேண்டியதில்லை. இதற்கு இலங்கையைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கடினம்.

1934-35இல் அங்கே மழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றி, மணலுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு பெருக அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்த ஒரு கொள்ளைநோயில் மட்டும் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். 1946இல் தீவு முழுக்க வீடு வீடாக டிடிடி என்ற பூச்சிக்கொல்லி மருந்தை அடிக்கத் தொடங்கினார்கள். வயல்வெளியில் அல்ல, வீட்டுக்குள், சுவர்களில் அடிப்பார்கள். ரத்தம் குடித்த கொசு பறக்க முடியாமல் பக்கத்துச் சுவரில் போய் உட்காரும். அங்கே படிந்திருக்கும் மருந்து அதைக் கொன்றுவிடும். அது அடுத்த ஆளைக் கடிக்கும் முன்பே சங்கிலி அறுந்துபோகும்.

ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 20 ஆக இருந்த இறப்பு 1947இல் சுமார் 14 ஆனது. ஒரே வருடத்தில்! இதில் டிடிடிக்கு எவ்வளவு பங்கு, புது ஆஸ்பத்திரிகளுக்கும் உணவு நிலைமைக்கும் எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் நீண்ட காலமாக வாதிட்டு வருகிறார்கள். எப்படியோ, இறப்பு சரிந்தது, பிறப்பு சரியவில்லை. 1946 கணக்கெடுப்பில் 66.6 லட்சமாக இருந்த மக்கள் 1963இல் சுமார் 1.06 கோடி ஆனார்கள்.

அதே மாணவர்: அப்படியென்றால் நான் சொன்னதுதானே சரி?

1963இல் கதையை நிறுத்திவிட்டால் சரிதான். அந்தக் காலத்தில் மேலை நாட்டு எழுத்தாளர்கள் சிலரும் அங்கேயே நிறுத்தி, "பாருங்கள், கொசுவைக் கொன்று பஞ்சத்தை வரவழைக்கிறார்கள்" என்று இலங்கையைக் காட்டிப் பயமுறுத்தினார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1945இலேயே அங்கே இலவசக் கல்வி வந்திருந்தது. அதில் படித்த பெண்கள் பிந்தித் திருமணம் செய்தார்கள். 1970களின் தொடக்கத்தில் பெண்களின் சராசரித் திருமண வயது 23ஐத் தாண்டியிருந்தது. 1950களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 5 குழந்தைகளுக்கு மேல். இன்று ஏறக்குறைய 2. கடைசி இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையே, அதாவது 2012க்கும் 2024க்கும் இடையே, ஆண்டு வளர்ச்சி சுமார் அரை சதவீதம்தான். இறப்பு முதலில் இறங்கியது, பிறப்பு ஒரு தலைமுறை பிந்தி இறங்கியது. அந்த இடைவெளியில்தான் ஜனத்தொகை பெருகியது. நாம் கேட்க வேண்டிய கேள்வி, அந்த இடைவெளியை எப்படிச் சுருக்குவது என்பதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1963இல் நாடு முழுக்க 17 மலேரியா நோயாளிகள்தான் இருந்தார்கள். ஒழிந்தது என்று நினைத்துக் கையைத் தளர்த்தினார்கள். 1968-69இல் 5 லட்சம் பேருக்கு மேல் காய்ச்சலில் படுத்தார்கள். பிறப்பு விகிதம் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது; அதை இறக்கியதில் மலேரியாவுக்கு எந்தப் பெருமையும் கிடையாது. பிறகு பல ஆண்டுகள் பாடுபட்டு, 2016இல்தான் மலேரியா அற்ற நாடு என்ற சான்றை உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றார்கள்.

கேள்வி (கிராம சுகாதார செவிலியர், தர்மபுரி மாவட்டம்): டாக்டரம்மா, ஒரு குழந்தையை இழந்த தாய் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு லேசில் சம்மதிப்பதில்லை. இதை எப்படிப் பேசிப் புரியவைப்பது?

அவளுக்குப் புரியாமல் இல்லை, பயம். நம் தாத்தா பாட்டி தலைமுறையில் பிச்சை, குப்பம்மாள், குப்புசாமி என்ற பெயர்கள் ஏன் அத்தனை இருந்தன? முதலிரண்டு பிள்ளைகள் தங்கவில்லை என்றால், அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து, அல்லது யாரோ பிச்சை போட்டதாக வைத்து, அந்தப் பெயரைச் சூட்டுவார்கள். எமன் கண்ணில் படாமல் போகட்டும் என்று. பிள்ளைகள் தங்குமா என்று தெரியாத வீட்டில் "இரண்டு போதும்" என்று யாரால் சொல்ல முடியும்?

உடலும் இதில் ஒரு வேலை செய்கிறது. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் முதல் சில மாதங்களில் கரு தரிப்பது பெரும்பாலும் தள்ளிப்போகும். கைக்குழந்தை இறந்துவிட்டால் பால் கொடுப்பது நின்று, அடுத்த கர்ப்பம் சீக்கிரம் வந்துவிடும். எடை குறைந்த, ரத்தசோகை தீராத உடம்பில்! ஆகவே அந்தத் தாயிடம் ஆபரேஷனைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில், இருக்கும் குழந்தையின் எடையையும் தடுப்பூசி அட்டையையும் பாருங்கள். அந்தப் பிள்ளை நன்றாக வளர்வதை அவள் கண்ணால் பார்த்தால் பாதி பேச்சு மிச்சம்.

கேள்வி (ஆசிரியர், மதுரை): குழந்தைகள் பிழைப்பதால்தான் பிறப்பு குறைகிறது என்பது மிகை இல்லையா? படிப்புதானே காரணம்?

மிகைப்படுத்தினால் தவறுதான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் பீகாரில் ஆயிரம் பிறப்புக்குச் சுமார் 47 சிசு மரணம், ஒரு பெண்ணுக்கு 3 குழந்தைகள். தமிழ்நாட்டில் சுமார் 19. கேரளத்தில் 5க்கும் கீழே. ஆனால் இவை இரண்டிலும் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தைகள்தான். நாலு மடங்கு வித்தியாசம் சிசு மரணத்தில், பிறப்பில் வித்தியாசமே இல்லை! ஆகவே இது நேர்க்கோட்டுக் கணக்கு அல்ல. படிப்பு, திருமண வயது, கையெட்டும் தூரத்தில் கருத்தடை வசதி, பெண்ணுக்கு வீட்டில் சொல் இருப்பது எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. ஆனால் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த நிலையிலேயே சிறு குடும்பத்துக்கு மாறிய சமூகங்கள் மிக அரிது.

கேள்வி (சென்னை): ஆப்பிரிக்காவில் மலேரியாவை ஒழித்தால் விபரீதம் ஆகாதா?

நைஜர், சாட், சோமாலியா மூன்றிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 6 குழந்தைகள். அங்கேதான் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தை ஐந்து வயதுக்குள் இறக்கிறது. சாவு ஜனத்தொகையைக் கட்டுப்படுத்தும் என்றால் அந்த நாடுகள்தான் முதலில் கட்டுப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி (ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், கோவை): புற்றுநோய் முழுக்கக் குணமானால்?

அமெரிக்க இறப்புக் கணக்கை வைத்துப் பார்த்தால் சராசரி ஆயுள் சுமார் 3 ஆண்டுதான் கூடும். புற்றுநோயில் தப்பிய முதியவருக்கு இதயநோயோ வேறொன்றோ காத்திருக்கும். பிறப்புக் கணக்கில் அநேகமாக மாற்றமே இருக்காது, ஏனென்றால் பெரும்பாலும் அது வருவது பிள்ளை பெறும் வயதைக் கடந்தவர்களுக்கு. உலகிலேயே நீண்ட ஆயுள் உள்ள நாடுகளில் ஜப்பானும் ஒன்று. அங்கே பதினைந்து ஆண்டுகளாக மக்கள்தொகை சுருங்கிவருகிறது. முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காதது பெரிய பிரச்சினை, ஒப்புக்கொள்கிறேன். அது நெரிசல் பிரச்சினை அல்ல.

கேள்வி (திருச்சி): கொள்ளைநோய் என்பது இயற்கை செய்யும் சமன்பாடு என்கிறார்களே?

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். 1918 இன்ஃபுளுவென்சாவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் இறந்தார்கள். 1911இல் 25.2 கோடியாக இருந்த ஜனத்தொகை 1921இல் 25.1 கோடியாக இறங்கியது. அடுத்த பத்தே ஆண்டில் 11 சதவீதம் உயர்ந்து 27.9 கோடி. என்ன சமன்பாடு இது? செத்தவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். பம்பாயில் ஒடுக்கப்பட்ட சாதியினர் இறந்த வீதம் ஐரோப்பியர்கள் இறந்ததைவிடப் பல மடங்கு. நெருக்கடியான குடியிருப்பிலும் அரைவயிற்றுச் சாப்பாட்டிலும் இருந்தவர்களைத்தான் அந்த "இயற்கை" தேடிப் பிடித்தது.

கேள்வி (சேலம்): அப்படியானால் மருத்துவத்துக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைத்துக் கருத்தடைக்குக் கொடுத்தால் சீக்கிரம் பலன் வராதா?

இரண்டையும் செய்வது ஒரே ஆள். தடுப்பூசி போட வரும் நர்ஸிடம்தான் பெண்கள் தயங்காமல் மாத்திரையும் காப்பர்-டியும் கேட்கிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிவருபவர் என்ற நம்பிக்கை இருப்பதால் கேட்கிறார்கள். அந்த நம்பிக்கை இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்று அவசரநிலையின்போது பார்த்தோம். 1976-77இல் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன்கள், அதில் பெரும்பகுதி ஆண்களுக்கு, பல இடங்களில் மிரட்டியும் பிடித்து இழுத்தும். அடுத்த ஆண்டே அந்த எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. ஆண்களுக்கான அந்தச் சுலபமான ஆபரேஷன் நம் நாட்டில் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. சுமை முழுவதையும் பெண்கள்தான் சுமக்கிறார்கள்.