பிளஸ் ஒன் ஆய்வகத்துக்கு மகளுக்கு என்ன வாங்கித் தருவது?

மகள் பிளஸ் ஒன் அறிவியல் பிரிவில் சேர்ந்திருக்கிறாள், ஆசிட்டை நினைத்தாலே பயமாக இருக்கிறது, ஆய்வகத்துக்கு என்ன வாங்கித் தரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 19 வருடம் ஆய்வக உதவியாளராக இருந்தவன்.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான். முழுக்கை வைத்த பருத்திக் கோட்டு, பக்கவாட்டிலும் மூடியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, கால் முழுக்க மூடும் ஷூ. நைலான் கோட்டு வேண்டாம், தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். துப்பட்டாவைக் கோட்டுக்குள் விட்டு, பின்னலைத் தூக்கிக் கட்டிக்கொள்ளட்டும். பியூரெட், பிப்பெட் எல்லாம் பள்ளியிலேயே இருக்கும்.

ஆசிட்டுக்குப் பயப்படுகிற பிள்ளைகள் சோடியம் ஹைட்ராக்சைடைத் தண்ணீர் மாதிரி நினைப்பார்கள். கொடுத்த உப்பு அம்மோனியம் உப்பா என்று பார்க்க அதை ஊற்றித்தான் சூடாக்குவார்கள். ஒரு நாள் ஒரு பையன் டெஸ்ட் டியூபை ஆட்டாமல் அடியிலேயே தீயைக் காட்டிக்கொண்டிருந்தான். டியூபின் வாய் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தபடி இருந்தது. உள்ளே இருந்தது ஒரே எத்தாக எத்தி அவள் இடது கண்ணில் அடித்தது. அங்கே யாரிடமும் கண்ணாடி இல்லை.

நான் அப்போதுதான் வெளியிலிருந்து வந்து உள்ளே கால் வைத்தேன். ஓடிப்போய்க் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. காலையில் யாரும் மோட்டார் போடவில்லை. சத்துணவுக் கூடத்துக் குடத்தைத் தூக்கிவந்து, அந்தக் கண் கீழே இருக்கும்படி அவள் தலையைச் சாய்த்து, இமையை விரலால் விரித்துப் பிடித்து ஊற்றினேன். வலியில் என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தாள். போரிக் ஆசிட் கரைசல் விடலாம் என்றார் ஓர் ஆசிரியர். கண்ணுக்குள் இன்னொரு ரசாயனத்தை விட நான் ஒப்பவில்லை. கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம், குடம் மாற்றி குடம். அப்புறம்தான் ஆட்டோவில் ஏற்றினோம். கருவிழியில் மேலோட்டமான காயத்தோடு போயிற்று. பார்வைக்கு ஒன்றும் இல்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இதென்ன வைத்தியம் என்று சிலர் கேட்பீர்கள். போகத்தான் வேண்டும், கழுவிவிட்டு. அமிலம் பெரும்பாலும் மேலே உள்ள புரதத்தை உறைய வைத்து அங்கேயே நின்றுவிடும். சோடியம் ஹைட்ராக்சைடு மாதிரியான காரம் நிற்காது, திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். ஆட்டோவில் போகிற நேரமெல்லாம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் இருந்து போகவில்லை. முதல் பீரியடுக்கு முன்னால் குழாயைத் திறந்து பார்ப்பது என் வேலை. அன்று காலை என்னைச் சலான் கட்ட வங்கிக்கு அனுப்பியிருந்தார்கள். மணி அடிக்க, தபால் கொடுக்க, வினாத்தாள் கட்டு எடுத்துவர என்று வருடம் முழுக்க அப்படித்தான். ஆய்வகத்துக்கென்று போட்ட ஆளை ஆய்வகத்தில் இருக்க விடுங்கள் என்று நான்கு தலைமையாசிரியர்களிடம் கேட்டுவிட்டேன்.

முதல் செய்முறை வகுப்பன்று கோட்டைப் போடுவதற்கு முன்னால் உங்கள் மகள் குழாயைத் திறந்து பார்க்கட்டும். தண்ணீர் வராவிட்டால் அப்போதே ஆசிரியரிடம் சொல்லட்டும். அவள் தயங்கினால் பெற்றோர் கூட்டத்தில் நீங்களே எழுந்து கேளுங்கள்.