ஒரு பல்கலைக்கழகம் ஒரே இடத்தைப் பல தலைமுறைகளாக அகழ்வதால் என்ன கிடைக்கும்?

கிரேக்கத்தின் தென்மேற்கே உள்ள பைலோஸ் இதற்கு நல்ல சான்று. சின்சினாட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் பிளேகன், கிரேக்க அறிஞர் குரூனியோட்டிஸுடன் இணைந்து, 1939-இல் அங்குள்ள குன்றில் ஒலிவ மரங்களுக்கிடையே வெட்டிய முதல் குழியே, புதைந்துகிடந்த ஒரு பண்டைய அரண்மனையின் ஆவண அறைக்குள் இறங்கியது. இதில் அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. அங்கே லீனியர் பி என்ற, அன்று யாராலும் படிக்க முடியாதிருந்த பண்டைய எழுத்துகள் கீறப்பட்ட களிமண் பலகைகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. சுடப்படாத அந்தப் பலகைகள், கி.மு. 1200-ஐ ஒட்டி அரண்மனையை அழித்த தீயிலேயே வெந்து இறுகியதால்தான் இன்றுவரை நிலைத்திருக்கின்றன.

உலகப் போரால் நின்ற பணி 1952-இல் மீண்டும் தொடங்கியது. அதே ஆண்டில் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக்கலைஞர், அந்த எழுத்தின் மொழி பழங்கிரேக்கமே என்று அறிவித்தார். பலரும் ஐயுற்ற நிலையில், புதிதாகக் கிடைத்த ஒரு பலகையை அவருடைய முறைப்படி படித்துப் பார்த்தார் பிளேகன். முக்காலிப் பாத்திரத்தின் படத்துக்கு அருகே முக்காலியைக் குறிக்கும் ‘திரிபோ’ என்ற சொல்லும், நான்கு கைப்பிடிப் பாத்திரத்தின் அருகே நான்கைக் குறிக்கும் சொல்லும் இருந்தன. வென்ட்ரிஸ் இப்பலகையை முன்பு பார்த்ததே இல்லை என்பதால், இதைவிட நேர்மையான சோதனை அமைவது அரிது.

அதே பல்கலைக்கழகத்தின் ஜாக் டேவிஸ், ஷரன் ஸ்டாக்கர் குழுவினர் 2015-இல் அரண்மனைக்கு அருகில், சுமார் கி.மு. 1450-ஐச் சேர்ந்த, கொள்ளை போகாத வீரன் கல்லறையைக் கண்டுபிடித்தனர். அதிலிருந்த 3.6 செ.மீ. முத்திரைக் கல்லில் செதுக்கப்பட்ட போர்க்காட்சியின் நுணுக்கங்களை உருப்பெருக்கி இல்லாமல் முழுமையாகக் காண இயலாது.