அமெரிக்க விசா லாட்டரியில் பெயர் வந்துவிட்டால் உடனே கிளம்பிவிடலாமா?

முடியாது. டிவி (டைவர்சிட்டி விசா) லாட்டரி என்று சொல்லப்படும் இந்தக் குலுக்கலில் பெயர் வந்தால், கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க ஒரு வரிசை எண் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். சட்டப்படி ஆண்டுக்கு அதிகபட்சம் 55,000 விசா, ஆனால் சமீப ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதியில் விலகுபவர்களும் தகுதி இல்லாதவர்களும் இருப்பார்கள் என்பதால்தான் இப்படிக் கூடுதலாக எடுப்பது. டாக்டரிடம் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பது மாதிரிதான்: டோக்கன் கையில் இருந்தாலும் உங்கள் எண் வருவதற்குள் கதவைச் சாத்திவிடலாம். இங்கே கதவு சாத்தும் நாள், அந்த அமெரிக்க நிதியாண்டு முடியும் செப்டம்பர் 30, அதற்குப் பிறகு அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

அதனால் வேலையை விடுவது, வீட்டை விற்பது எல்லாம் விசா கைக்கு வந்த பிறகு. முதலில் டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் நிரப்பி அனுப்புங்கள், அப்புறம் பிறப்புச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ், பள்ளிப் படிப்பை முடித்த சான்று எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கணவன் அல்லது மனைவியையும் 21 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளையும் குலுக்கலுக்குப் பதிந்தபோதே காட்டியிருக்க வேண்டும், விட்டிருந்தால் நேர்காணலில் அங்கேயே முடிந்தது கதை.

பலர் நினைப்பதுபோல பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது கணக்கில்லை, பிறந்த நாடுதான் கணக்கு: கனடா குடியுரிமை வாங்கியிருந்தாலும், இந்தக் குலுக்கலில் இடமில்லாத இந்தியாவில் பிறந்தவர் பெரும்பாலும் தன் துணைவர் பிறந்த நாட்டை வைத்துத்தான் சேர முடியும்.